திருப்பிப் பார்க்காத படிவம்

பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில் வேலை என்று சொன்னால் எல்லோரும் முதலில் என் வயிற்றைத்தான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். ஓடுகிறவர்களை மட்டும்தான் உலகத்துக்குத் தெரியும். அவர்கள் ஓடுவதற்கு முன்னால் எத்தனை காகிதம் ஓட வேண்டும் என்பது ஒருவருக்கும் தெரியாது. நான் அந்தத் துறையில் ஸ்டோர் பார்க்கிறவன். பந்து, வலை, ஈட்டி, முதலுதவிப் பெட்டி, அச்சடித்த படிவங்கள் எல்லாம் என் பூட்டுக்குள். இங்கே சொல்லப்போவது என்னைப் பற்றியல்ல, எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளரைப் பற்றி. அவரை மொத்தத் துறையும் சீல் அக்கா என்றுதான் கூப்பிடும். ரப்பர் சீல் அவர் மேசை இழுப்பறையில் இருந்தது. சாவி அவர் கழுத்துச் சங்கிலியில் இருந்தது.

அக்கா இங்கே சேர்ந்தபோது தற்காலிகத் தட்டச்சர். ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு நாள் வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, மறுநாள் புது உத்தரவு கொடுப்பார்கள். அப்படிச் செய்தால் யாரும் நிரந்தரம் கேட்டு வழக்குப் போட முடியாதாம். எவ்வளவு பெரிய மூளை பாருங்கள். ஒன்பது ஆண்டு, ஒன்பது முறை வேலை போனவர் அவர். அந்த ஒரு நாளில் மற்ற தற்காலிகக்காரர்கள் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவார்கள். அக்கா மட்டும் காலை பத்து மணிக்கே வந்து அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், தன் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டு. மதியச் சாப்பாடும் அந்தப் பெஞ்சில்தான். இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். சொல்லும்போது கை மட்டும் சங்கிலிச் சாவியைத் தடவிக்கொண்டிருக்கும்.

பிறகு நிரந்தரமானார், உதவியாளரானார், கண்காணிப்பாளரானார். மூன்று இயக்குநர்கள் வந்து போனார்கள். ஒருவர் தடை தாண்டி ஓடியவர், ஒருவர் நீச்சல்காரர், இப்போது இருப்பவர் குண்டு எறிந்தவர். அதனால் இவருக்குக் குண்டு சார் என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் வேறு காரணம் நினைத்துக்கொள்வார்கள், அதுவும் தப்பில்லை. மூன்று பேருமே பதக்கத்தோடு வந்தார்கள். கோப்பு எப்படி எழுதுவது என்று மூன்று பேருக்கும் சொல்லிக்கொடுத்தது அக்காதான். ஆனால் விளையாடாதவர்களுக்கு இங்கே கண்காணிப்பாளருக்கு மேல் படி கிடையாது. அக்கா சேர்ந்து இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு, இந்த ஆண்டுதான் நிர்வாக உதவி இயக்குநர் என்று ஒரு பதவியை உருவாக்கி, விளையாடாதவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார்கள். அக்கா விண்ணப்பித்தார். எங்கள் பயிற்சியாளர் விசில் மாஸ்டரும் விண்ணப்பித்தார். அந்த மனிதர் விண்ணப்பத்தை நிரப்பியதே அக்காவிடம் கேட்டுக் கேட்டுத்தான்.

அதே மாதம் எங்கள் பல்கலைக்கழகம் தடகளத்தில் ஒட்டுமொத்தக் கோப்பையை வென்றது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, மூன்றே மூன்று புள்ளி வித்தியாசத்தில். கடைசிப் போட்டியான பெண்கள் தொடர் ஓட்டத்தில் கிடைத்த தங்கம்தான் கோப்பையை வாங்கித் தந்தது. மாதக் கடைசியில் ஓய்வு பெறப்போகிற குண்டு சார் கோப்பையைத் தன் அறையில் வைத்து, வருகிறவர்களையெல்லாம் அதன் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். தேர்வுக் குழுவில் அவரும் ஒருவர். பதவி அக்காவுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நானே இரண்டு பேரிடம் சொல்லிவைத்தேன்.

இங்கே படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போட்டிக்குப் போகும் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தகுதிப் படிவம் உண்டு. முன்பக்கம் பெயர், பிறந்த தேதி, படிப்பு. பின்பக்கம் இதற்கு முன் வேறு கல்லூரியில் சேர்ந்திருந்தால் அந்த விவரம். பட்டப்படிப்பில் முதன்முதலாகச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள்தான் ஒருவர் விளையாடலாம். எங்கே சேர்ந்தாலும், ஒரு நாள் படித்துவிட்டு ஓடிவந்தாலும், கணக்கு அந்த நாளில் தொடங்கிவிடும். படிவங்கள் எங்கள் அலுவலகத்திலேயே இருக்கும். போட்டி நடத்துகிறவர்களுக்கு சீல் வைத்த பட்டியல் மட்டும் போகும். யாராவது ஆட்சேபித்தால்தான் படிவத்தைக் கேட்பார்கள். ஆட்சேபிக்கப் பதினைந்து நாள் கெடு. அதனால்தான் அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஒவ்வொரு படிவத்தையும் திருப்பி, பின்பக்கத்தைப் படித்து, மூலையில் பச்சைப் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்ட பிறகுதான் சீல் வைப்பார்.

போட்டி முடிந்த எட்டாவது நாள், திங்கட்கிழமை. படிவங்களைத் துளை போட்டுக் கோப்பில் கட்டிக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து, போட்டியிலிருந்து திரும்பி வந்த தொடர் ஓட்டக் குச்சிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். துளை போடும் சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தால் அக்கா முகத்தில் ஈயாடவில்லை. கையில் ஒரு படிவம். பின்பக்கத்தில் நான்கு வரி எழுதியிருந்தது. மூலையில் பச்சைக் கோடு இல்லை.

தொடர் ஓட்டத்தில் மூன்றாவதாக ஓடிய பெண்ணின் படிவம் அது. இங்கே சேர்வதற்கு முந்தைய ஆண்டு வேறொரு கல்லூரியில் சேர்ந்து, மூன்று வாரம் போய்விட்டு, அம்மாவுக்கு உடம்பு முடியாமல் நின்றிருக்கிறாள். தேதி, கல்லூரிப் பெயர், சேர்க்கை எண், எல்லாவற்றையும் மணி மணியான எழுத்தில் எழுதிவைத்திருக்கிறாள். இங்கே பட்டப்படிப்பு மூன்று ஆண்டு, மேற்படிப்பில் இது இரண்டாம் ஆண்டு. நம் கணக்கில் ஐந்து. விதிப்படி ஆறு.

“பாக்காம சீல் வெச்சிருக்கேன்,” என்றார் அக்கா.

பட்டியல் அனுப்ப வேண்டிய கடைசி நாள் எனக்கு ஞாபகம் வந்தது. ஒரே நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு படிவம். நடுவில் குண்டு சார் மூன்று முறை அக்காவைக் கூப்பிட்டார். எதற்கு? சீருடை மேல்சட்டைக்கு நீலமா, கருநீலமா என்று கேட்க. மூன்றில் ஏதோ ஒரு முறை எழுந்து போய்த் திரும்பி வந்தபோது இது ‘பார்த்தாகிவிட்ட’ அடுக்கில் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதையெல்லாம் சொல்லி நான் சமாதானப்படுத்தப் பார்த்தேன். அக்கா காதிலேயே வாங்கவில்லை. படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அலுவலகக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோனது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து ஐந்து நாள் அவர் பட்ட பாடு இருக்கிறதே. தொலைபேசி அடித்தால் தூக்கிவாரிப் போடும். எடுக்கவும் மாட்டார், என்னை எடுக்கவும் விட மாட்டார். தபால்காரர் வருகிற நேரத்துக்கு முகம் கழுவப் போய்விடுவார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடிவிடுவார். அவர் வீட்டுக்காரர் மருந்துக்கடை வைத்திருப்பவர். மனைவி கைப்பையைத் தொடவிடவில்லை, பாதித் தூக்கத்தில் எழுந்து அதைத் தொட்டுப் பார்க்கிறாள் என்றதும், ஏதோ பெரிய நோய்க்குப் பரிசோதனை செய்து அறிக்கையை மறைக்கிறாள் என்று முடிவு செய்துவிட்டார். கடைக்குப் போன என்னிடம் கண் கலங்கி, எந்த டாக்டர் என்று கேட்டார். ஒன்றுமில்லை மாமா, நேர்முகத் தேர்வு பயம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வயிற்று எரிச்சலுக்கு ஒரு பாட்டில் மருந்து கொடுத்துவிட்டார், காசு வாங்கவில்லை.

என் புத்தி என்ன சொன்னது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பேசாமல் இருங்கள் அக்கா என்றுதான் சொன்னேன். இன்னும் ஏழு நாள். கெடு முடிந்தால் யாரும் ஆட்சேபிக்க முடியாது. அந்த மூன்று வாரக் கதை யாருக்குத் தெரியப்போகிறது?

“அந்தக் காலேஜ் ரிஜிஸ்டர்ல அவ பேரு இருக்கே தம்பி. அது அழியாதே.”

அதற்கு மேல் அவருக்குப் பொறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை குண்டு சாரிடம் போய்ச் சொல்லிவிட்டார். நான் அதே அறையில் கோப்பைக்குக் கண்ணாடிப் பெட்டி அளவெடுத்துக்கொண்டிருந்தேன். சார் கத்தவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அந்தப் பெரிய உடம்பு அவ்வளவு மெதுவாக நடந்து நான் பார்த்ததில்லை. வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். இந்த அறையில் இருப்பவர்களுக்கு மட்டும் என்றதும் மூச்சு விட்டார். அப்புறம் வழி சொன்னார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் புதிதாக ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். பின்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். சீல் வைத்துக் கோப்பில் கட்டிவிட்டுப் பழையதைக் கிழித்துவிட வேண்டும். நாளைக்கே யாராவது கிளப்பினாலும், மாணவி விவரத்தை மறைத்தாள், அலுவலகம் என்ன செய்யும் என்று சொல்லிவிடலாம்.

அக்கா மெல்லக் கேட்டார், மறைத்தவர்களுக்கு வாழ்நாள் தடை ஆயிற்றே என்று.

“யாராவது கேட்டாத்தானேம்மா? இது வெறும் முன்ஜாக்கிரதை. வெள்ளிக்கிழமை இன்டர்வியூ இருக்கு. அதுக்குள்ள முடிச்சிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்.” பிறகு என் பக்கம் திரும்பி, ஒரு புதுப் படிவம் எடுத்துக் கொடு என்றார்.

நான் போய் ஸ்டோரைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். வரிசை எண் போட்ட படிவம். யாருக்கு எதற்காக என்று எழுதாமல் நான் ஒன்றைக்கூட வெளியே விட்டதில்லை. அன்றைக்கு விட்டேன்.

புதன்கிழமை அந்தப் பெண் வந்தாள். பயிற்சி முடித்து நேராக வந்திருந்தாள், நெற்றியில் வியர்வை காயவில்லை. தொடர் ஓட்டப் பதக்கச் சான்றிதழை வைத்து ஓர் அலுவலக வேலைக்கு விண்ணப்பித்திருப்பதாகவும், விளையாட்டு வீரர்களுக்கென்று ஒதுக்கிய இடம் என்பதால் கட்டாயம் கிடைத்துவிடும் என்றும், வீட்டில் அம்மா இப்போதே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதாகவும் படபடவென்று சொன்னாள். அக்கா படிவத்தை நீட்டினார். முன்பக்கத்தைத் தானே நிரப்பி வைத்திருந்தார்.

“எங்கக்கா போடணும்?”

அக்கா விரலால் காட்டினார். அவள் படித்துப் பார்க்கவில்லை. எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. சீல் அக்கா நீட்டுகிற காகிதத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள் இந்தத் துறையிலேயே கிடையாது. போட்டுவிட்டு, என் மேசையிலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு ஓடிவிட்டாள். அக்கா அந்தப் படிவத்தையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி. சீல். வியாழக்கிழமை முழுவதும் அவர் இழுப்பறையைத் திறப்பார், மூடுவார். ஒரு தடவை சீலை எடுத்து மைப்பெட்டியில் அழுத்தியும் விட்டார். பிறகு வேறு ஏதோ காகிதத்தில் குத்தினார். விசில் மாஸ்டர் வந்து, நேர்முகத் தேர்வுக்கு டை கட்ட வேண்டுமா என்று கேட்டார். அக்கா அவர் முகத்தைப் பார்த்து, “கட்டிக்கோங்க மாஸ்டர், நல்லா இருக்கும்,” என்றார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அவர் போனதும் கேட்டேவிட்டேன். இருபத்தேழு வருடம் இந்த நாற்காலியைக் காவல் காத்தீர்கள். ஒரு குத்து. அதைக் குத்தினால் மேலே. குத்தாவிட்டால் மறுபடி அந்தப் பெஞ்சுதான். ஏன் இப்படி உங்களையும் வதைத்து என்னையும் வதைக்கிறீர்கள்?

“எனக்குப் பயமா இருக்கு தம்பி,” என்றார். “சீல் வைக்கவும் பயமா இருக்கு, வைக்காம இருக்கவும் பயமா இருக்கு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல.”

அவரை நல்லவர், உத்தமி என்றெல்லாம் பிற்பாடு சிலர் பேசினார்கள். நான் பார்த்தது பயந்துபோன ஒரு மனுஷியை. வேர்த்து வேர்த்துக் கை துடைத்த ஒரு கைக்குட்டையை. அதைத்தான் நான் சாட்சி சொல்ல முடியும்.

வெள்ளிக்கிழமை அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். நான் உள்ளே நுழையும்போது தட்டச்சு செய்து முடித்திருந்தார். போட்டி நடத்தியவர்களுக்கு ஒரு கடிதம். மாணவி தன் விவரம் முழுவதையும் உள்ளபடி எழுதியிருந்தாள், சரிபார்க்காமல் சீல் வைத்தது கண்காணிப்பாளராகிய என் தவறு, மூலப் படிவத்தின் நகல் இணைப்பு. அவ்வளவுதான். நான் வாயைத் திறப்பதற்குள் அனுப்புகைப் பதிவேட்டை இழுத்து எண் போட்டுவிட்டார். எங்கள் இடத்தில் பதிவேட்டில் எண் ஏறிவிட்டால் துணைவேந்தரே வந்தாலும் அந்தக் கடிதம் போகவில்லை என்று சொல்ல முடியாது. அது தெரிந்துதான் முதலில் எண்ணைப் போட்டார். கொஞ்சம் யோசித்தால் தன் மனம் மாறிவிடும் என்று பயந்திருக்கிறார். புதன்கிழமை வாங்கிய படிவத்தை நாலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். பிறகு, “முகம் நல்லா இருக்கா?” என்று கேட்டுவிட்டு நேர்முகத் தேர்வுக்குப் போனார்.

அங்கே நடந்ததுதான் கொடுமை. குண்டு சார் சிரித்த முகமாக, “அந்த வேலை முடிஞ்சுதாம்மா?” என்று கேட்டிருக்கிறார். “முடிஞ்சுது சார்,” என்று இவர் சொல்லியிருக்கிறார். பொய் இல்லையே. மனிதர் மகிழ்ந்துபோய், இவரைப் போல ஓர் ஊழியர் கிடைக்க மாட்டார் என்று குழுவிடம் புகழ்ந்து தள்ளியிருக்கிறார். அவ்வளவு புகழ்ச்சியையும் அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே வந்தவர் நேராகக் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தார்.

திங்கட்கிழமை போட்டி நடத்தியவர்களின் பதில் கடிதம் வந்து எல்லாம் வெடித்தது. எங்கள் தங்கமும் பத்துப் புள்ளியும் போயின. கோப்பை இரண்டாவதாக வந்தவர்களுக்கு. மாணவி மறைக்கவில்லை என்பதால் அவள்மேல் நடவடிக்கை இல்லை என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனையும். குண்டு சார் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓய்வு பெறும் நாளன்று எல்லோரிடமும் கை குலுக்கினார், அக்காவின் மேசையை மட்டும் சுற்றிக்கொண்டு போனார். உதவி இயக்குநர் பதவி விசில் மாஸ்டருக்கு. அக்காவின் சங்கிலியிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். சீல் இனிமேல் மாஸ்டரிடம் இருக்குமாம்.

இதற்கெல்லாம் நடுவில், கடிதம் வந்த மறுநாளே, அந்தப் பெண் வந்தாள். கூட ஓடிய மூன்று பேரும் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். ஏமாற்றி ஓடி எங்கள் பதக்கத்தையும் பறித்துவிட்டாய் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். வேலை விண்ணப்பம் என்ன ஆகும் என்பது சொல்லாமலே தெரிந்தது. அவள் உட்காரவில்லை. மேசைக்கு முன்னால் நின்றாள்.

“நான் ஒளிக்காம எழுதினேனேக்கா. நீங்க ஏன் பாக்கல?”

இருநூற்றுப் பன்னிரண்டு படிவம், நீலமா கருநீலமா, இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. தப்பு என்னோடதும்மா என்று மட்டும் சொன்னார்.

“அது லெட்டர்லயே இருக்கு. அன்னிக்கு நான் ஒரு கையெழுத்துப் போட்டேனே, அது எதுக்கு?”

கிழித்தாயிற்று, குப்பையும் போயாயிற்று, என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அக்கா உள்ளதைச் சொன்னார். உன்மேல் பழியைப் போட வாங்கிய கையெழுத்து அது, இரண்டு நாள் என் பையில் வைத்திருந்தேன் என்றார். அந்தப் பெண் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

“நான் சொன்னா அவங்க நம்ப மாட்டாங்க,” என்றாள் கடைசியில். “நீங்க வந்து சொல்லுங்க.”

அக்கா உடனே எழுந்தார். பதக்கங்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்ததால் நானும் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். மைதானத்தில் மூன்று பேரும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள், எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அந்த வெயிலில், மகள் வயதுப் பெண்களுக்கு முன்னால் கைகட்டி நிற்கிற மாதிரி நின்று அக்கா சொன்னார். “இவ எதையும் மறைக்கல. எழுதியிருந்தா. நான் படிக்கல. அப்புறம் அதை மறைக்கப் பாத்ததும் நான்தான்.”

புதுப் படிவம் வாங்கச் சொன்னது குண்டு சார் என்று சொல்லவில்லை. படிவத்தை எடுத்துக் கொடுத்தது பக்கத்தில் நிற்கிற இந்த ஆள் என்றும் சொல்லவில்லை. நானாவது சொல்லியிருக்க வேண்டும். துணிப்பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி நகர்ந்து உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்கு இடம் விட்டாள். மூன்று பதக்கங்கள் பைக்குள் விழுந்தன. கடைசியாக அவள் தன்னுடையதை எடுத்து, நாடாவைச் சுருட்டி, எறியாமல் உள்ளே வைத்தாள்.

“இவ்வளவு தூரம் வந்ததுக்குத் தேங்க்ஸ்ண்ணா,” என்று என்னிடம் சொன்னாள். அக்காவின் பக்கம் திரும்பாமலே போய் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.